இழந்த வீடும் ஈந்த நீரும்

தமிழில் 'வீடு' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மனிதன் உண்டு உறங்கி வாழும் இல்லமும் வீடு. பற்றுகளை விட்டு அவன் அடையும் பேரின்ப நிலையும் வீடு. 'விடு' என்னும் வினையின் வழியே இச்சொல் பிறந்தது என்பர். விடவேண்டிய ஒன்றுக்கு வீடு எனப் பெயரிட்ட நம் முன்னோர் வாழ்வின் இயல்பை நன்கு அறிந்தவர்கள். நாம் பிறந்து வளர்ந்த இல்லத்தை ஒருநாள் விட்டுத்தான் தீரவேண்டும். படிப்பு, பிழைப்பு, திருமணம், துறவு என ஏதேனும் ஒன்று நம்மை அங்கிருந்து பிரிக்கிறது. ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்றால் சுவர் இருக்கிறது, திண்ணை இருக்கிறது. திண்ணையில் அமர்ந்து நம்மைப் பேர் சொல்லி அழைத்தவர்கள் இல்லை. இந்த இழப்புக்குத் தப்பியவர் எவரும் இலர். ஆயினும் இழந்தவன் அதன்பின் என்ன செய்கிறான் என்பதில்தான் மனிதருக்கு மனிதர் வேறுபாடு காணப்படுகிறது. இதனை உணர்த்தும் வரலாறு ஒன்று நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தேவாரம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'தேவாரம்' என்னும் சொல் வழிபாட்டையும் வழிபாட்டிடத்தையும் குறித்து வழங்கியதை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஊருக்கு மேற்கே மலை. மலைக்கு அப்பால் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்கள். சாக்குலூத்து மெட்டு, போடி மெட்டு, கம்பம் மெட்டு முதலான மலைவழிகளில் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் ஏறி இறங்கி வருகின்றனர். மலை பசுமையாக இருக்கும். அடிவாரமோ மழைமறைவு நிலமாதலால் வானம் பார்த்துக் காய்ந்து கிடக்கும். தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபுறத்தில் கொட்டித் தீர்க்கும். இப்புறத்தில் காற்று மட்டுமே வந்து சேரும். இந்த நிலத்துக்கு நீர் வந்த கதை பலரும் அறிந்ததே. அக்கதையின் பின்னே இருக்கும் ஒரு சிறுவனைத்தான் பலர் அறியார்.

சில்லியன்வாலாவில் இழந்தவை

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் 1841-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். அவருடைய தந்தையும் ஜான் என்னும் பெயர் கொண்டவர். ஆங்கிலப் படையின் தளபதிகளுள் ஒருவர். 1849-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள சில்லியன்வாலா என்னும் இடத்தில் ஆங்கிலேயருக்கும் சீக்கியருக்கும் கடும்போர் நிகழ்ந்தது. அப்போரில் தந்தை வீழ்ந்தார். அதே படையில் பணியாற்றிய மூத்த மகன் அலெக்சாண்டர், தந்தையின் உடலைக் காத்து நின்ற நிலையில் தானும் கொல்லப்பட்டான். அவனுக்கு வயது 17.

இளைய மகன் ஜானுக்கு இன்னும் இரண்டு நாளில் எட்டு வயது நிறைவு பெற இருந்தது. பிறந்தநாளை ஒட்டி ஒரு குழந்தைக்குக் கிடைத்தது இது: தந்தை இல்லை, அண்ணன் இல்லை, இருவர் இறந்ததும் ஒரே நாள், ஒரே களம்.

அந்தப் போர் நாடு பிடிக்கும் போர். அதனை நாம் புகழ வேண்டுவதில்லை. எதிர்ப்புறத்தில் வீழ்ந்த சீக்கிய வீரர்களுக்கும் எட்டு வயதுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். வாள் எப்பக்கம் வீசினாலும் ஏதோ ஒரு வீட்டின் திண்ணை வெறுமையாகிறது. இத்தகைய இழப்புக்குப் பின் ஒரு சிறுவன் பகைமையில் வளர்வதற்கு எல்லா ஏதுக்களும் உண்டு. தந்தையையும் அண்ணனையும் விழுங்கிய இந்திய மண்ணை அவன் வெறுத்திருந்தால் யார் குறை சொல்ல இயலும்? ஆனால் அவர் பொறியியல் கற்று, 1860-ஆம் ஆண்டில் இதே இந்திய மண்ணுக்குப் பணியாற்ற வந்து சேர்ந்தார். அவர் உள்ளத்தில் ஓடிய எண்ணங்களை இறைவன் ஒருவரே அறிவார். நமக்குத் தெரிவது அவர் கைகள் செய்த வேலை.

ஒரு நூற்றாண்டுக் கனவு

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வறண்ட மதுரைச் சீமைக்குக் கொண்டுவரும் எண்ணம் பென்னிகுவிக்குக்கு முன்பே பிறந்தது. 1789-ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்கு வழி தேடினார். பொருள் போதாமையால் முயற்சி நின்றது. 1808-இல் ஆய்ந்த ஆங்கிலப் பொறியாளர் இது நடவாத காரியம் என்று முடிவு கூறினார். 1850-இல் ஒரு சிறு தொடக்கம் நிகழ்ந்து, காட்டுக் காய்ச்சலால் கைவிடப்பட்டது.

பின்னர் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் உயிர்கள் மாண்டன. வீடுகளைப் பூட்டாமலே மக்கள் வெளியேறிய காலம் அது. பூட்டிக் காக்க வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. அப்பஞ்சத்துக்குப் பின்னரே திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. 1886-இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக்குக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. 1887-இல் வேலை தொடங்கியது.

மலை அடர்காடு, யானைகளும் புலிகளும் உலவும் இடம், ஆண்டில் பல திங்கள் அடைமழை. சென்னைப் பயனியர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்களும், கூலியாட்களும் அங்கே உழைத்தார்கள். சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் கலவையால் சுவர் எழுப்பினார்கள். எழுப்பியதை வெள்ளம் அடித்துச் சென்றது, மறுபடியும் எழுப்பினார்கள். மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் சற்று மிகுந்த நீளத்தில் சுரங்கம் அமைத்தார்கள். 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைக்க, மேற்கே ஓடிய நீர் முதன்முறையாகக் கிழக்கே இறங்கிச் சுருளியாற்றோடு கலந்து வைகையை அடைந்தது.

இந்த வேலையில் காய்ச்சலாலும் பிற நோய்களாலும் மாண்டவர்கள் 483 பேர் என்பது கணக்கு. அணைக்கு அருகே அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. பொறியாளரின் பெயரை நாம் அறிவோம். கல் சுமந்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களும் எங்கோ ஒரு வீட்டிலிருந்து புறப்பட்டவர்களே. அந்த வீடுகளுக்கு அவர்கள் திரும்பவில்லை. கல்லறைத் திருநாளில் நம் குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு மெழுகுதிரி ஏற்றி மலர் வைக்கும்போது, நம் தட்டில் சோறு விழுவதற்காக மலைமேல் மடிந்த இவர்களுக்கும் ஒரு செபம் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.

மக்கள் சொல்லும் கதை

அணை பாதியில் இருக்கையில் அரசு கைவிரித்தது என்றும், பென்னிகுவிக் இங்கிலாந்தில் இருந்த தம் வீட்டையும் சொத்துகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து கட்டி முடித்தார் என்றும் இப்பள்ளத்தாக்கின் மக்கள் சொல்வதுண்டு. அரசு ஆவணங்களோ செலவைச் சென்னை மாகாண அரசே ஏற்றதாகக் காட்டுகின்றன. எனவே இக்கதையை வரலாறு என்று நாம் கொள்வதற்கில்லை. ஆயினும் மக்கள் ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது தகும்.

தமக்கு வாழ்வு தந்தவர் தம் வீட்டை இழந்தே தந்திருக்கவேண்டும் என்று அவர்கள் உள்ளம் உணர்கிறது. இழப்பில்லாத கொடையை மக்கள் பெரிதாக மதிப்பதில்லை. தாயின் நோவு இன்றிப் பிள்ளை இல்லை. விதையின் சாவு இன்றிக் கதிர் இல்லை. கோதுமை மணியைப் பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையும் இதுவே அன்றோ? விற்ற வீட்டைப் பற்றிய செய்தியில் மக்கள் தவறியிருக்கலாம். அவர் வீட்டை இழந்தவர் என்பதில் தவறவில்லை. எட்டாம் வயதை எட்டும் முன்பே அவர் அதை இழந்திருந்தார்.

திருவிவிலியத்தில் யோசேப்பின் வரலாறு நினைவுக்கு வருகிறது. தந்தையின் அன்பு மகன். உடன்பிறந்தாரால் விற்கப்பட்டு வேற்று நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டவன். வீட்டை இழந்த அவனே பின்னாளில் களஞ்சியங்களை நிரப்பிப் பஞ்சத்தில் பல நாட்டார்க்கும் உணவளித்தான். தன்னை விற்றவர்களுக்கும் அளித்தான். தனக்கு நேர்ந்த தீமையையும் இறைவன் பல உயிர்களைக் காக்கும் வழியாக்கினார் என்று அவன் கண்டான். இழப்பு தானாக நன்மை ஆவதில்லை. அதைக் கைக்கொள்ளும் மனிதன் இறைவனோடு ஒத்துழைக்கும்போதே நன்மை ஆகிறது.

இன்று கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு இருபோகம் நெல் விளையும் வயல்கள் உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை இங்கே பந்தல் பந்தலாகக் காய்க்கிறது. 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் அதனைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பர். லோயர் கேம்ப்பிலிருந்து வரும் பதினெட்டாம் கால்வாய் தேவாரம் பக்கத்துக் கண்மாய்களுக்கும் நீர் தர அமைக்கப்பட்டது. பென்னிகுவிக்கின் பிறந்தநாள் பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி மக்கள் அவர் பெயரால் பொங்கல் வைக்கின்றனர். இப்பகுதியில் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியோரும் உளர். தந்தையை இழந்த அந்தச் சிறுவனின் பெயரை இங்கே தந்தையர் தம் மைந்தருக்கு இடுகின்றனர். 2013-இல் லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. 1911-இல் அவர் மறைந்த இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் 2022-இல் தமிழக அரசு சிலை நிறுவியது.

அயலாரின் வீடு

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிமையாக முடியும். ஆனால் உண்மை முழுமை பெறாது. 2011-ஆம் ஆண்டு இறுதியில் இதே அணையின் பொருட்டு இரு மாநில மக்களிடையே கசப்பு மூண்டது. ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர் பலர் அஞ்சி, குழந்தைகளோடு மலைவழிகளில் இறங்கி ஊர் திரும்பினர். இப்புறத்து மக்கள் எல்லையை நோக்கித் திரண்டனர். 2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அணை உறுதியாக உள்ளதெனக் கூறி, 142 அடி வரை நீர் தேக்க இசைவளித்தது.

நீரின்மேல் நமக்குள்ள உரிமை நியாயமானது. அதனை விட்டுக்கொடுக்க எவரும் சொல்லவில்லை. ஆயினும் அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வாழும் மக்களும் இரவில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படுப்பவர்களே. அவர்கள் அச்சம் மிகையானது என்று நமக்குத் தோன்றலாம். தாயின் அச்சத்தை ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை. அதுபோலவே நம் உழவனின் தாகத்தை ஏளனம் செய்ய அவர்களுக்கும் உரிமை இல்லை. மலையின் இருபுறத்திலும் ஒரே நற்கருணையை உட்கொள்ளும் மக்கள் வாழ்கின்றோம். தன் வீட்டின்மேல் கொண்ட அன்பு அயலான் வீட்டின்மேல் வெறுப்பாக மாறுமானால், சில்லியன்வாலாக்கள் மீண்டும் தோன்றும். 2015-இல் திருத்தந்தை பிரான்சிசு தம் சுற்றுமடலில் இவ்வுலகைப் பொது இல்லம் என்று அழைத்ததன் பொருளை நம் பள்ளத்தாக்கு மற்றவரைவிட நன்கு உணரவேண்டும்.

நாம் செய்யத்தக்கது

அணை திறந்த நூறாம் ஆண்டில், 1995-இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உயிரின் மாண்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் வரைந்தார். கருவுற்ற நாள் முதல் இயற்கையாக இறக்கும் நாள் வரை உயிர் இறைவனின் கொடை என்பது அதன் சாரம். இக்கொடையை நம் இல்லங்களில் எப்படிப் பேணுகிறோம்?

பங்குகளில் நாம் காண்பது இது. பெற்றோரை அடக்கம் செய்த ஈரம் காயுமுன் ஓட்டு வீட்டின் பங்குக்காக உடன்பிறந்தார் பேச்சை நிறுத்துகின்றனர். மலைக்கும் நகருக்கும் பிள்ளைகள் பிழைக்கப் போக, முதியவர் ஒருவர் பூட்டிய அறைகளுக்கு நடுவே தனித்திருக்கிறார். தந்தையை இழந்த சிறுவன் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிடுகிறான். அவன் பெயர் சில திங்களில் நமக்கு மறந்துபோகிறது. வீட்டை இழந்ததற்காக அழுகிறோம்; வீடாக இருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கையில் அவர்களைத் தேடிப் போவதில்லை.

இடிந்த சுவரை எழுப்பி இளமையைத் திரும்பப் பெற எவராலும் இயலாது. அங்கே நமக்குக் கிடைத்த சோற்றையும் அன்பையும் வேறொருவருக்குத் தருவது மட்டும் இயலும். உங்கள் தெருவில் இவ்வாண்டு தந்தையை இழந்த குழந்தை எது என்று கேட்டறியுங்கள். அக்குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை அன்பியமாகக் கூடி ஏற்றுக்கொள்ளுங்கள். பேசாதிருக்கும் உடன்பிறந்தாரின் வாசலில் இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து சென்று நில்லுங்கள். தனித்திருக்கும் முதியவரோடு ஒருவேளை உணவு அருந்துங்கள். தந்தையின் இல்லத்தில் நமக்கென உறைவிடம் ஏற்பாடு செய்யச் சென்ற ஆண்டவர் வந்து அழைக்கும்வரை, பிறருக்கு வீடாக இருப்பதே நமக்குரிய வேலை.