நண்பர்களுடன் ஐரோப்பா: சிக்கனப் பயணத்தின் செலவைத் தீர்மானிப்பது எது?

முதுகில் ஒரு பை, உடன் மூன்று நண்பர்கள், இரண்டு வாரத்தில் நான்கு நகரங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் உள்ள இந்திய இளைஞர்கள் பலரது பயணத் திட்டம் இதுவாகவே இருக்கிறது. மலிவான உணவையும் தங்குமிடத்தையும் தேடுவதில் காட்டும் அக்கறையை அவர்களில் பலர் விசா, வழித்தடம் ஆகிய இரண்டிலும் காட்டுவதில்லை. ஆனால், மொத்தச் செலவு பெருமளவில் இவ்விரண்டையும் பொறுத்தே அமைகிறது.

ஷெங்கன் பகுதியில் தற்போது 29 நாடுகள் உள்ளன. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக இதில் இணைந்தன. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கன் பகுதிக்குள் வருகிறது. பிரிட்டனும் அயர்லாந்தும் வருவதில்லை. குறுகியகால விசாவில், எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அதிகபட்சம் 90 நாள்கள் தங்க முடியும். விசா கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்த்தப்பட்டது. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே, நால்வருக்கு 36,000 ரூபாய் ஆகிறது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும், குறைந்தபட்சம் 30,000 யூரோ வரையிலான மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் தனி. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

நண்பர்களாகச் செல்வோருக்குச் சிக்கல் எழுவது இங்குதான். நால்வரும் ஒன்றாகப் பயணம் செய்தாலும் விசா அலுவலர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகவே மதிப்பிடுகிறார். வங்கிக் கணக்கு விவரம், நிறுவனத்தின் விடுப்புக் கடிதம், வருமான வரி ஆவணம் ஆகியவை ஒவ்வொருவருக்கும் தேவை. மூவருக்கு விசா கிடைத்து ஒருவருக்கு மறுக்கப்பட்டால், நால்வருக்காகப் பதிவு செய்த அறைகளின் வாடகை மற்ற மூவர் தலையில் விழும். எனவே அனைவருக்கும் விசா கிடைக்கும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளை மட்டுமே செய்வது நல்லது. சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் அது வீண் செலவாகாது. மறுக்கப்பட்டவருக்குக் காரணம் எழுத்துமூலம் தெரிவிக்கப்படும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு.

பயணத் தேதிக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாள்களில் முடிவு தெரியும் என்றாலும், கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள்கள் வரை ஆகலாம். அதிக நாள்கள் தங்கும் நாட்டின் தூதரகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. எல்லா நாடுகளிலும் சம நாள்கள் என்றால், முதலில் நுழையும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். விசா எளிதில் கிடைக்கும் என்று கேள்விப்பட்ட நாட்டின் பெயரில் போலியாக அறை பதிவு செய்து விண்ணப்பிக்கும் பழக்கம் ஆபத்தானது. அது கண்டறியப்பட்டால் அடுத்த விண்ணப்பங்களையும் பாதிக்கும்.

ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா வைத்திருப்போர், புடாபெஸ்ட்டிலிருந்து செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்குச் சென்றுவிட்டால் திரும்பி நுழைய முடியாது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய முறையில், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக வருகையும் புறப்பாடும் மின்னணு முறையில் பதிவாகின்றன. அனுமதித்த நாள்களைக் கடந்து தங்கினால் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் தங்கும் நாள்களாகவே கணக்கிடப்படுகின்றன.

அடுத்தது வழித்தடம். முதல் பயணத்திலேயே பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ரோம் மூன்றையும் இணைக்க விரும்புவது இயல்பு. அவை விலை உயர்ந்த நகரங்கள். ஒன்றுக்கொன்று தொலைவிலும் உள்ளன. பிராக், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் என்ற வரிசை சிக்கனத்துக்கு ஏற்றது. பிராகிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகிறது. பிராகில் இறங்கி புடாபெஸ்ட்டிலிருந்து விமானம் ஏறினால், வந்த வழியே திரும்பும் செலவும் மிச்சமாகும்.

இத்தகைய குறுகிய வழித்தடத்துக்கு யூரெயில் பாஸ் தேவையில்லை. 33 நாடுகளில் செல்லுபடியாகும் இந்த பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கானது. 27 வயது வரை சலுகை விலையும் உண்டு. ஆனால் பிரான்ஸின் டிஜிவி போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் வைத்திருப்போரும் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். நாள்தோறும் நெடுந்தொலைவு செல்வோருக்கே அது லாபம். நான்கு நகரங்களுக்கு முன்கூட்டியே வாங்கும் சாதாரண டிக்கெட்டுகளே பெரும்பாலும் மலிவாக அமையும். குழுவாகச் செல்வோருக்குச் சில உள்ளூர்ச் சலுகைகளும் உள்ளன. ஜெர்மனியின் பவேரியா மாநில ஒருநாள் டிக்கெட்டில் ஐந்து பேர் வரை சேர்ந்து பயணிக்கலாம். வட்டார ரயில்களில் மட்டுமே செல்லும் இந்த டிக்கெட்டை வேலைநாள்களில் காலை 9 மணிக்குப் பிறகே பயன்படுத்த முடியும். மியூனிக்கிலிருந்து எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை அது செல்லுபடியாகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. லக்சம்பர்க்கில் 2020 முதல் பொதுப் போக்குவரத்து அனைவருக்கும் இலவசம்.

மலிவு விமானங்களின் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு பைக்கு மட்டுமே அடிப்படைக் கட்டணத்தில் இடம் உண்டு. பாரிஸின் பெயரைத் தாங்கிய போவே விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, ஹாஸ்டல்களில் அறைக்கு அல்ல, படுக்கைக்கே வாடகை. ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் 1912-இல் ஆல்டெனா கோட்டையில் தொடங்கிய இளைஞர் விடுதியிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. எனினும் நான்கு பேர் சேர்ந்தால் சமையலறையுடன் கூடிய சிறு வீடு, நான்கு படுக்கைகளைவிட மலிவாகக் கிடைப்பதும் உண்டு. சைவ உணவு உண்போருக்கு அதுவே வசதி. வியன்னாவில் பெரும்பாலான பல்பொருள் அங்காடிகள் ஞாயிற்றுக்கிழமை மூடப்பட்டிருக்கும் என்பதால் சனிக்கிழமையே பொருள்கள் வாங்கி வைக்க வேண்டும். அந்நகரின் குழாய்நீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. பாட்டில் தண்ணீருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அருங்காட்சியகங்களின் இளைஞர் சலுகைகளை இந்தியர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பாரிஸின் லூவ்ரில் 18 முதல் 25 வயது வரையிலானோருக்கான இலவச அனுமதி, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்போருக்கு மட்டுமே. அப்பகுதிக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2026 ஜனவரி முதல் கட்டணம் 22 யூரோவிலிருந்து 32 யூரோவாக உயர்ந்துள்ளது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்திலோ நாள்தோறும் கடைசி இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் இலவசம். வியன்னா அரசு ஓபராவில் நின்றபடி பார்ப்பதற்கான டிக்கெட், நல்ல இருக்கையின் விலையில் சிறு பங்குதான்.

செக் குடியரசில் கொருனாவும் ஹங்கேரியில் ஃபோரின்ட்டும் புழக்கத்தில் உள்ளன. ஏடிஎம் இயந்திரம் ரூபாயில் கணக்கிடவா என்று கேட்டால் மறுத்து, உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லையெனில் மோசமான மாற்று விகிதத்தில் பணம் பிடிக்கப்படும். பிராகின் சுற்றுலாப் பகுதி நாணய மாற்றகங்களில் ஏமாந்தவர்கள் ஏராளம். 2019 முதல் நடைமுறையில் உள்ள செக் சட்டப்படி, 1,000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். ரசீதைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்து, அதன் நகலுடன் அருகிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களை நண்பர்கள் ஒருவருக்கொருவர் முன்பே அனுப்பி வைத்திருந்தால் தூதரகத்தில் வேலை விரைவாக முடியும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும் அவசர உதவிக்கான எண் 112. இதற்குக் கட்டணம் இல்லை.