சங்கக்கடைக் கொப்பியும் ரவுட்டரும்

வன்னியில நிறைய வீடுகளுக்கு இன்டர்நெட் போர் முடிஞ்ச பிறகுதான் வந்தது. வேகம் குறைஞ்சா 'கவரேஜ் இல்லை' எண்டு சொல்லிப் பழகிட்டம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனா ரவுட்டருக்குள்ள ஒரு பழைய சிக்கலும் இருக்கு.

ஒரு சங்கக்கடையை யோசியுங்கோ. முகாமையாளர் இருப்பை ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறார். லொறி வந்து சீனியை நேரே பின்பக்கக் களஞ்சியத்தில இறக்கிட்டுப் போகுது. அவர் கொப்பியைப் பார்த்து 'சீனி இல்லை' எண்டுறார். முகாமையாளர்தான் புரொசசர், கொப்பி கேஷ், களஞ்சியம் நினைவகம், லொறி நெட்வொர்க் சிப். லொறி நேரே இறக்கிறதுக்குப் பேர் டிஎம்ஏ.

1968இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மொடல் 85 கேஷோடு வந்த முதல் வணிகக் கணினி. பின்னாளில் வீட்டுக் கணினிகளில் லொறி வந்ததைக் கவனித்துக் கொப்பியைத் திருத்தும் வேலையை வன்பொருளே செய்தது. மலிவான ரவுட்டர்களின் பல மிப்ஸ் சிப்புகளில் அந்தச் சுற்று இல்லை. காசு மிச்சம், பாரம் டிரைவர் எழுதுபவர் தலையில. பொதி வரும்போது கொப்பியின் பழைய பக்கத்தைக் கிழிக்க வேணும். அனுப்பும்போது கொப்பியில மட்டும் இருக்கிறதைக் களஞ்சியத்துக்கு மாற்ற வேணும்.

2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.4 இதுக்கு ஒரு பொது வழி வைத்திருந்தது. அதன் விளக்க ஆவணத்தை டேவிட் மில்லர், ரிச்சர்ட் ஹென்டர்சன், யாகுப் யெலினெக் எழுதினார்கள். அந்த வழியைத் தவிர்த்து எழுதின டிரைவரும் வீட்டுக் கணினியில ஓடும். பிழை ரவுட்டரிலதான் வெளிக்கும்.

ஏ9 திறந்த 2002இன் கடைசியில் லிங்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி சந்தைக்கு வந்தது. உள்ளே லினக்ஸ் இருக்கிறதைக் கண்டுபிடிச்ச ஆக்கள் கேட்டுக்கேட்டு 2003இல் மூலநிரலை வாங்கினார்கள். அதிலிருந்து 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது.

இந்தப் பிழை சத்தம் போடாது. பழைய தரவோடு வாசிக்கப்பட்ட பொதி பெரும்பாலும் செக்சம்மில் பிடிபட்டு வீசப்படும், திரும்ப அனுப்பப்படும். எங்களுக்குத் தெரியிறது 'ஸ்லோ' மட்டும்தான். இன்னொரு தொல்லை: மிப்ஸ் 24கே சிப்பில கொப்பியின் ஒரு பக்கம் 32 பைட். பொதியின் வாலோடு அதே பக்கத்தில வேறொரு கணக்கு இருந்தா, கிழிக்கேக்க அதுவும் போயிடும்.

2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் தொடங்கியது. கணினிப் பொறியியலும் அங்க படிப்பிக்கினம். ஓபன்டபிள்யூஆர்டி நிரலும் திறந்தே கிடக்கு. வீட்டு மூலையில பழைய ரவுட்டர் ஒண்டு இருந்தா, அதின்ர ஈதர்நெட் டிரைவரை எடுத்து எந்த வரியில பக்கம் கிழிபடுது எண்டு தேடிப் பாருங்கோ.