பரீட்சையும் விரிவுரையும்: மட்டக்களப்பில் பிரெஞ்சுப் பண்பாட்டுக் கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பின் கல்வி வரலாறு பெரும்பாலும் பாடசாலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தச் சபை எந்த ஆண்டில் எந்தப் பாடசாலையை நிறுவியது, அங்கு பயின்றோர் எவ்வெவ் உத்தியோகங்களைப் பெற்றனர் என்பவையே அதன் கேள்விகள். பாடசாலைப் பருவத்தைக் கடந்து வயலிலும் வாவியிலும் கடையிலும் கந்தோரிலும் உழைப்போருக்கு உலகப் பண்பாட்டை அறிய என்ன வழி இருந்தது என்பது கேட்கப்படுவதில்லை. வாழ்நாள் கல்வி என்ற பெயரில் மொழி, கலை, மனிதப்பண்பியல் ஆகிய துறைகளிற் குறுங்காலக் கற்கைநெறிகளை நடாத்துவது பல்கலைக்கழகங்களின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்படும் இந்நாளில் அக்கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். அதனைப் பிரெஞ்சுப் பண்பாட்டை முன்வைத்து இங்கு நோக்குவதற்குக் காரணம் உண்டு. பல பதிற்றாண்டுகளாகப் பிரெஞ்சுக்காரர் ஆசிரியராய் இருந்த பிரதேசம் இது. ஆயினும் பிரெஞ்சு இலக்கியமோ சிந்தனையோ அவர்கள் வழியாக வாவிக்கரை மக்களை வந்தடையவில்லை. இம்முரண் எவ்வாறு நேர்ந்தது?

புனித மிக்கேல் கல்லூரி தன் தொடக்கமாகக் கொள்ளும் ஆண்டு 1873. அதே ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், ஜேம்ஸ் ஸ்ருவட் என்பாரின் முயற்சியால், நொட்டிங்ஹாம், டேர்பி, லெஸ்ரர் ஆகிய கைத்தொழில் நகரங்களில் முதன்முறையாகப் புறநகர் விரிவுரைகளைத் தொடங்கியது. பன்னிரண்டு வாரங்கள் கொண்ட தொடர்கள், பாடக்குறிப்பு, விரிவுரையின் பின் கலந்துரையாடல் என அவை அமைந்தன. பல்கலைக்கழக வாசலை மிதிக்க வாய்ப்பற்ற பெண்களும் தொழிலாளரும் அவற்றுக்கு வந்தனர். இன்று நாம் குறுங்காலக் கற்கைநெறி என்று குறிப்பிடுவதன் மூல வடிவங்களுள் இது ஒன்று. கேம்பிரிட்ஜில் இவ்விரிவுரைகளையும் உள்ளூர்ப் பரீட்சைகளையும் பின்னர் ஒரே சபையே நிருவகித்தது. ஆனால் அச்சபை கடல் கடந்து இலங்கைக்கு அனுப்பியது பரீட்சையை மட்டுமே. நொட்டிங்ஹாம் தொழிலாளிக்கு விரிவுரை. மட்டக்களப்பு மாணவனுக்கு வினாத்தாள். குடியேற்றநாட்டுக் கல்வியின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. நிருவாக இயந்திரத்துக்கு வேண்டியவர் ஆங்கிலத்திற் பிழையின்றி எழுதும் இலிகிதரே. அவரைத் தெரிவு செய்வதற்குப் பரீட்சை போதுமானதாய் இருந்தது.

இந்த ஏற்பாட்டினுள் வந்து சேர்ந்தவர்களே பிரெஞ்சு இயேசு சபையினர். 1893இல் உருவாக்கப்பட்ட திருகோணமலை மறைமாவட்டம் மட்டக்களப்பையும் உள்ளடக்கியதாய், சம்பாஞ் பிரதேசத்து இயேசு சபையினரின் பொறுப்பில் விடப்பட்டது. இவர்களைப் பிரெஞ்சுக் குடியரசுப் பண்பாட்டின் தூதுவர் எனக் கொள்வது வரலாற்றுக்கு முற்றும் மாறானது. 1880ஆம் ஆண்டு ஆணைகளால் இச்சபையின் இல்லங்களைக் கலைத்தது அந்தக் குடியரசே. 1904இல் துறவுச் சபைகள் கற்பிப்பதையே அது சட்டத்தினால் தடை செய்தது. 1789இன் வழித்தோன்றல்கள் தம் நாட்டில் எவர் கையிலிருந்து பாடசாலையைப் பறித்தனரோ, அவரே நம் நாட்டிற் பாடசாலை நடாத்தினர். அவர்தம் உழைப்பும் கட்டுப்பாடும் மதிக்கத்தக்கவையே. ஆனால் அவர்கள் கற்பித்த மொழி ஆங்கிலம். மாணவரை ஆயத்தப்படுத்தியது கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு. மொலியேரும் வோல்ரேயரும் பாரிஸில் இயேசு சபையினரின் மாணவராய் இருந்தவர்கள் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அம்மரபின் அந்தப் பக்கம் மட்டக்களப்புக்குக் கப்பலேறவில்லை.

இதன் விளைவைச் சுவாமி விபுலாநந்தரிடம் தெளிவாகக் காணலாம். 1892இற் காரைதீவிற் பிறந்த அவர் புனித மிக்கேல் கல்லூரியிற் பிரெஞ்சுப் பாதிரிமாரிடம் பயின்று, 1908இற் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியடைந்தார். பின்னர் பெற்ற விஞ்ஞானப் பட்டமும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் புறநிலைப் பட்டமே. அதாவது இன்னொரு வினாத்தாள். இவ்விரு பரீட்சைகளாலும் மட்டும் அவர் உருவாகவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதருமான அவர், அச்சங்கத்தில் 1924இல் ஆற்றிய உரையை விரித்து 1926இல் மதங்கசூளாமணியை வெளியிட்டார். சேக்ஸ்பியரின் நாடகங்கள் பன்னிரண்டையும் வடமொழித் தசரூபகத்தையும் தமிழ் நாடக மரபையும் ஒருசேர ஆராயும் அந்நூல், பட்டமோ சான்றிதழோ வேண்டாத வளர்ந்தோர் அவையில், ஐரோப்பிய மனிதப்பண்பியலைத் தமிழ் மொழியிலேயே கற்பித்த முயற்சி. நமது பிரதேசத்தார் ஒருவர் நிகழ்த்திய முதற்பெரும் விரிவாக்க விரிவுரை என்று அதனைக் கொள்வதிற் தவறில்லை. ஆனாற் பிரெஞ்சு ஆசிரியரிடம் பயின்றவர் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சேக்ஸ்பியரே, மொலியேர் அல்லர். இது தனிமனித விருப்பின் விளைவன்று. ஐரோப்பா என்ற மாளிகைக்குப் பேரரசு நமக்குத் திறந்துவைத்தது ஒரே சாளரத்தையே.

பிரெஞ்சு நாட்டில் இதே காலத்தில் நிகழ்ந்தது வேறு. ஜோர்ஜ் டெயேர்ம் என்ற தொழிலாளி 1890களின் இறுதியிற் பாரிஸின் சென்-அந்துவான் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கிய மக்கள் பல்கலைக்கழகம் விரைவில் நாடெங்கும் கிளைத்தது. முதல் உலகப்போருக்கு முன்னரே அவற்றுட் பெரும்பாலானவை மங்கிவிட்டன. ஓர் இரவு வானியல், மறு இரவு ஓவியம் எனத் தொடர்பற்ற உரைகள் நிகழ்ந்தன. கேட்போர் கேட்போராகவே இருந்தனர். நாளடைவிற் தொழிலாளியின் இருக்கையில் நடுத்தர வர்க்கத்தினர் அமர்ந்தனர். மட்டக்களப்பிற் கற்கைநெறி வகுப்போர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய தோல்வி இது. 1932இற் பாரிஸிற் தொடங்கிய தொழிலாளர் பல்கலைக்கழகம் இதிலிருந்து பாடம் கற்றது. அங்கு ஜோர்ஜ் பொலிட்சர் நடாத்திய மெய்யியல் வகுப்பு ஒரு தொடர்ச்சியும் ஒரு நோக்கும் கொண்டது. 1942இல் நாற்சிகள் அவரைச் சுட்டுக் கொன்ற பின்னர், மாணவர் எடுத்த குறிப்புகளே நூலாயின. ஆர். கே. கண்ணனின் மொழிபெயர்ப்பில் ‘மார்க்சிய மெய்ஞ்ஞானம்’ என அது தமிழுக்கு வந்தது. ஆக, பிரெஞ்சு மாலை வகுப்பொன்று தமிழ் வாசகனை வந்தடைந்தே உள்ளது. பல்கலைக்கழகம் அதனைக் கொண்டுவரவில்லை, இயக்கமே கொண்டுவந்தது. 1973இற் துலூசிற் பியேர் வெலாஸ் தொடங்கிய மூன்றாம் வயதினருக்கான பல்கலைக்கழகம் பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய வடிவம். ஓய்வூதியம் பெறுவோருக்கு அது பெரும்பேறு. உழவனுக்கு ஓய்வு வயது ஏது என்ற கேள்வியை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பரீட்சையின் வாயிலாக அன்றி மக்கள் வழக்காக வந்த பிரெஞ்சுக் கதைகளும் உள. 1489இல் லியோன் நகரில் அச்சேறிய வலந்தீன், ஓர்சோன் என்னும் இரட்டையரின் கதை பல மொழிகளிற் கைமாறி, 1891இற் திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ ஆயிற்று. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க முயற்சிகளுள் அதுவும் ஒன்று. கரடி வளர்த்த ஓர்சோன் நம் கீழ்மாகாணத்திற் குடியேறிய போது அவன் எந்நாட்டான் என்று எவரும் விசாரித்ததாகத் தோன்றவில்லை. விக்டர் ஹியூகோவின் பெருநாவல் சுத்தானந்த பாரதியாரின் கையில் ‘ஏழைபடும் பாடு’ ஆகி, 1950இற் திரைப்படமாகவும் வந்தது. ஒரு ரொட்டித்துண்டுக்காகச் சிறை சென்றவனின் கதைக்கு முன்னுரை எதுவும் தேவைப்படவில்லை.

வாவிக்கரை மக்களுக்கு வளர்ந்தோர் கல்வி புதியதன்று என்பதையும் இங்குக் கூறவேண்டும். அறுவடை முடிந்த இரவுகளிற் களரியைச் சுற்றி அண்ணாவியார் பழக்கும் வடமோடி, தென்மோடிக் கூத்துகள், சட்டங்கொடுத்தல் தொடங்கிச் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் ஊடாக அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் நீளும் ஒரு கற்கைநெறியே. எழுத்தறியாதவரும் நூற்றுக்கணக்கான பாடல்களை அங்கு கற்றனர். அதனைப் பொற்காலமாகப் புனைவதும் பொருந்தாது. சாதியின் எல்லை அங்கும் இருந்தது. பெண்கள் களரிக்கு வெளியே நின்றனர். இம்மரபைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனை மேடைக்குக் கொண்டுசென்றார். அதில் ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அதனைக் கற்கைப் பொருளாக்கினார். கிராமத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு அறிவு சென்றது. எதிர்த்திசைப் பயணம் அத்துணை இலகுவாய் அமையவில்லை.

வந்தாறுமூலையில் 1981 ஆகத்து மாதம் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986 ஒற்றோபரிற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவரல்லாத பொதுமக்களுக்கு அதன் கதவுகள் அகலத் திறந்தது ஒரு கற்கைநெறிக்காக அன்று. 1990இற் போருக்கு அஞ்சிய பல்லாயிரம் பேர் அவ்வளாகத்திற் தஞ்சம் புகுந்தனர். செப்டெம்பர் 5ஆந் திகதி அங்கிருந்து இராணுவத்தினர் கொண்டுசென்ற 158 பேர் திரும்பவில்லை. பொதுமக்களுக்கும் அப்பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவைப் பேசும் எவரும் இந்நாளைக் கடந்து பேச முடியாது.

அந்த ஆண்டுகளிற் தப்பிச் சென்றோருட் பலர் பாரிஸ் சென்றனர். உணவகச் சமையலறைகளிலும் அகதி விண்ணப்ப அலுவலக வரிசைகளிலும் முப்பது, நாற்பது வயதிற் பிரெஞ்சு கற்ற அவர்களே நம்மவருள் உண்மையான வாழ்நாள் கற்போர். மொலியேரை அறியாது மொலியேரின் மொழியை அவர்கள் கற்றனர். இங்கிருந்து அம்மொழியைக் கற்க விரும்புவோரும் பெரும்பாலும் விசாவையும் வேலையையும் கருதியே வருவர். அது குற்றமன்று. ஆனாற் பல்கலைக்கழகம் சான்றிதழ் விற்பதோடு நின்றுவிடின், கேம்பிரிட்ஜ் வினாத்தாளின் இடத்திற் பிறிதொரு வினாத்தாள் அமரும், அவ்வளவே.

இங்கு வகுக்கப்படும் கற்கைநெறி முதலாவதாகத் தமிழில் நிகழவேண்டும். பாரிஸ் தொழிலாளி தன் மொழியிலேயே கற்றான்; நொட்டிங்ஹாம் தொழிலாளியும் அவ்வாறே. பன்னிரண்டு மாலைகள் போதும். 1789, எழுபத்திரண்டு நாள் நிலைத்த 1871ஆம் ஆண்டுக் கொம்யூன், ஹியூகோ, மொலியேரின் ஒரு நாடகம் ஆகியவை கொண்ட ஒரு தொடரை ஒரே ஆசிரியர் நடாத்தலாம். மொலியேரின் வேலைக்காரரை நம் கூத்தின் கட்டியகாரனுடன் ஒப்பிட்டுப் பேச அண்ணாவியார் ஒருவரையும் அழைக்கவேண்டும். அவருக்கும் விரிவுரையாளருக்குரிய வேதனமே வழங்கப்படவேண்டும். பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வகுப்பு அமையவேண்டும். இடம் எழுவான்கரையாக மட்டும் இருத்தலாகாது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை, அத்துறையில் வாவியைக் கடக்கப் படுவான்கரையார் பாதைக்குக் காத்திருக்க நேர்ந்தது. இன்று பாலம் உண்டு; விரிவுரையாளரும் அதன் வழியே மேற்கே செல்லலாம். காலம் பெரும்போக அறுவடை முடிந்த பின்னர், கூத்துப் பழகத் தொடங்கும் அதே இரவுகளுக்குச் சற்று முந்திய மாலைகளாக இருக்கட்டும்.