மழையறியாத் திட்டம்

பிற்பகலில் கருத்துத் திரண்டு மாலையில் கொட்டும் மழை பொந்தியானில் வாழும் நமக்குப் புதிதன்று. அம்மழையே செப்பாங் பந்தயத் திடலின் வரலாற்றிலும் தன் முத்திரையைப் பதித்தது.

1968இல் திறக்கப்பெற்ற பத்து தீகா திடல், நம் நாட்டுக் கார்ப் பந்தயங்களுக்கு நெடுங்காலம் களமாய் விளங்கியது. அதன்பின், ஜெர்மானியரான ஹெர்மன் டில்கே வடிவமைத்த செப்பாங் திடல் 1999இல் திறக்கப்பெற்றது. நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. இரு நீண்ட நேர்ப்பாதைகள் வேகத்தைத் தூண்டும். அவற்றுக்கிடைப்பட்ட கூரிய வளைவு அதனை அடக்கும். அவ்வாண்டே ஃபார்முலா ஒன் பந்தயம் அங்கு அரங்கேறியது. 2005இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயனும் அங்கே போட்டியிட்டார்.

2009ஆம் ஆண்டுப் போட்டி, ஐரோப்பியத் தொலைக்காட்சி நேயர்களின் வசதி கருதி மாலை 5 மணிக்குத் தொடங்கிற்று. 56 சுற்றுகளுக்குத் திட்டமிட்ட பந்தயம் பெருமழையால் இடையில் நின்றது. இருளும் சூழ்ந்ததால் மீண்டும் தொடங்கவில்லை. முடிவு 31 சுற்றுகளோடு கணக்கிடப்பட்டது. வென்ற ஜென்சன் பட்டன் பாதிப் புள்ளிகளே பெற்றார்.

2017உடன் ஃபார்முலா ஒன் செப்பாங்கை விட்டு நீங்கியது. எனினும் அம்மாலை உணர்த்திய உண்மை நீங்காது: எங்கோ இருப்போரின் கடிகாரத்துக்கு நம் வானம் பணியாது. மண்ணின் இயல்பறிந்து வகுக்கும் திட்டமே நிலைபெறும்.