நூற்கொடையும் வாசிப்புரிமையும்

சமணர் போற்றும் நால்வகைத் தானங்களுள் உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு நூற்கொடையும் ஒன்று. 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே அம்மையார், கவி பொன்னர் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். அச்சு இல்லாத அக்காலத்தில், ஓலையில் ஆயிரம் படிகள் என்பது எளிய செயலன்று.

நூலைக் காத்தலே வாசிப்புக்குத் தடையான காலமும் உண்டு. தரசேனாசாரியரிடம் கேட்டறிந்ததைப் புட்பதந்தரும் பூதபலியும் ஷட்கண்டாகமமாக யாத்தனர். பூதபலி தமிழ்நாட்டிற்கு வந்தார் என வீரசேனரின் தவளா உரை கூறுகிறது. இந்நூல் நிறைவுற்ற நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். அதன் பழஞ்சுவடிகள் மூடபித்ரியில் மட்டுமே எஞ்சின. நெடுங்காலம் அவை தரிசனத்திற்குரியனவாக இருந்தனவேயன்றி வாசிப்பிற்குரியனவாக இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கியது. 1939இல் ஹீராலால் ஜெயின் முதல் தொகுதியைப் பதிப்பித்தார். மூடபித்ரியார் காத்திராவிடில் ஏடு இல்லை. படியெடுத்திராவிடில் வாசகர் இல்லை.

தமிழகத்திலும் 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமண அன்பர்கள் பொருள் விளக்கி உதவினர். சமயம் பாராது பகிர்ந்தமையால் அக்காப்பியம் தமிழர் அனைவர்க்கும் உரியதாயிற்று.

தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில், ஆலைப் பணி முடித்து வருவோர்க்கும் கதவு திறந்திருக்கும் நூலகமே இன்றைய சாஸ்திர தானமாகும்.