ஒரு தம்ளர் கஞ்சியின் சரித்திரம்

எங்கள் வீட்டில் சித்திக்குக் கஞ்சி கொடுக்கும் வேளை ஒரு சிறு யுத்தம் மாதிரி நடந்துகொண்டிருந்தது. சித்திக்கு வயது 84. ஒரு காலத்தில் பந்தியில் நின்று நூறு பேருக்குப் பரிமாறி, எல்லோரும் எழுந்த பிறகு தான் உட்கார்ந்து, மீந்த ரசத்தைப் பிசைந்து ரசித்துச் சாப்பிட்டவள். அவள் இப்போது நாலு வாய் சாதத்தோடு கையை உதறிவிடுவாள்.

"போதுண்டாப்பா, நெஞ்சு வரைக்கும் இருக்கு."

என் மனைவி விடமாட்டாள். "சித்தி, இந்தக் கஞ்சியையாவது குடிச்சிடுங்க. இதிலேதான் தெம்பு இருக்கு" என்பாள். புழுங்கலரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, தெளிவாக வடிகட்டி, துளி உப்பும் சீரகமும் போட்ட கஞ்சி. நாளைக்கு நாலு தம்ளர். சித்தியும் எங்கள் திருப்திக்காகக் குடித்து வைப்பாள். தம்ளர் காலியானதும் ஏதோ கடமை முடிந்தது போல நாங்கள் நிம்மதியாக மூச்சுவிடுவோம்.

இதற்கிடையில் அவள் கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்க ஆரம்பித்தது. வைத்தியரிடம் அழைத்துப் போனோம். எடை பார்க்கும் யந்திரத்தில் ஏற்றினார். 36 கிலோ. முந்தைய வருஷத்துச் சீட்டில் 42 என்று எழுதியிருந்தது.

"என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"கஞ்சி" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு பிடி நொய், அதாவது 30 கிராம், ஏறக்குறைய 100 கலோரி. அதில் புரதம் 2 கிராம். வடிகட்டினால் அதிலும் குறைச்சல். நாலு தம்ளருக்கு 400 கலோரி, 8 கிராம் புரதம். முதியவர்களுக்கு உடம்பின் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது இன்றைய வைத்திய நூல்களின் கணக்கு. சித்திக்கு அது 40 கிராமுக்குக் கிட்டத்தட்ட வருகிறது. கலோரியோ ஆயிரத்துக்குக் குறையக் கூடாது.

"சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார் வைத்தியர்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது சித்தி சிரித்தாள். பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "உங்க அம்மாவுக்கும் இப்படித்தாண்டா ஊத்தினோம். நாலு மாசம், ஆரோரூட் கஞ்சி" என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த அந்த நாலு மாதங்களும் கண்முன் வந்து நின்றன. கண்ணாடி போலப் பளபளக்கும் ஆரோரூட் கஞ்சி, பார்லித் தண்ணீர். ஜீரணத்துக்கு லகு என்று பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஆரோரூட் மாவு வெறும் மாவுச்சத்து. 100 கிராம் மாவில் அரை கிராம் புரதம்கூடத் தேறாது. அம்மா வயோதிகத்தால் போனாள் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பங்காவது பட்டினியால் போயிருப்பாளோ என்ற கேள்வி அன்று வந்தது, இன்னும் போகவில்லை.

இந்தத் தவறு எங்கள் குடும்பத்தின் சொத்து மட்டும்தானா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, இதற்கு ஒரு நீண்ட சரித்திரமே இருக்கிறது என்பது. பெரிய விஞ்ஞானிகளும் தெளிந்த ரசத்தைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள்.

பிரான்சு தேசத்தில் பிறந்த தெனி பாப்பன் என்பவர் 1681-இல், லண்டனில், தாம் கண்டுபிடித்த ஒரு பாத்திரத்தைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். நம் பிரஷர் குக்கரின் கொள்ளுப்பாட்டன் அது. அதில் எலும்பைப் போட்டு வேகவைத்தால் கூழாகக் கரைந்து வந்தது. தூக்கி எறியும் எலும்பிலிருந்து ஆகாரம்! அந்த எண்ணம் பல தலைமுறைகளாக மனிதர்களை மயக்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்தில் தார்சே என்ற ரசாயன நிபுணர், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினைக் கரைத்து ரசமாக்கி ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுக்க ஏற்பாடு செய்தார். நல்ல மனிதர், நல்ல நோக்கம். குடித்தவர்கள்தான் தேறவில்லை.

விஷயம் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்குப் போயிற்று. மஜாந்தி என்ற உடலியல் நிபுணரின் தலைமையில் ஒரு குழு நாய்களுக்கு ஜெலட்டினைக் கொடுத்துப் பார்த்தது. 1841-இல் அறிக்கை வந்தது: ஜெலட்டினை மட்டும் உண்டு உயிர் தரிக்க முடியாது. காரணம் பிற்பாடுதான் விளங்கியது. புரதத்தைக் கட்டும் செங்கற்களில் ஒன்றான டிரிப்டோபேன் என்பதை ஹாப்கின்ஸும் கோலும் 1901-இல் பிரித்தெடுத்தார்கள். அந்தச் செங்கல் ஜெலட்டினில் இல்லவே இல்லை.

இதற்குப் பிறகாவது ஜனங்கள் விழித்துக்கொண்டார்களா? இல்லை. ஜெர்மனியின் புகழ்பெற்ற ரசாயன மேதை லீபிக், 1847-இல் இறைச்சியின் சாரத்தைக் காய்ச்சி எடுக்கும் முறையை எழுதினார். 1850-களில் அவர் வீட்டில் தங்கியிருந்த நண்பரின் மகள் ஒருத்தி கடும் நோயில் படுத்து ஒன்றும் உண்ண முடியாமல் தவித்தபோது, இறைச்சிச் சாறு ஒன்றைத் தாமே தயாரித்துக் கொடுத்தார். அந்தப் பெண் பிழைத்தாள். அப்புறம் கேட்பானேன்! 1865-இல் இறைச்சிச் சாரம் விற்க ஒரு பெரிய கம்பெனியே ஏற்பட்டது. தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டின் பிரே பென்டோஸ் என்னும் ஊரில் ஆலை வைத்து, ஏறக்குறைய 30 கிலோ இறைச்சியிலிருந்து 1 கிலோ சாரம் எடுத்தார்கள். மணமும் ருசியும் சாரத்தில் வந்தன. புரதத்தின் பெரும்பகுதி சக்கையிலே நின்றுவிட்டது. அது ஆகாரம் என்பதைவிட ஊக்கம் தரும் பானம் என்று லீபிக்கே பின்னால் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது.

இந்த மயக்கத்துக்கு நடுவே ஓர் அம்மாள் மட்டும் நோயாளியின் கட்டிலருகில் நின்றுகொண்டு, கண்ணால் பார்த்ததை எழுதினாள். பிளாரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்கோடு போகும் படத்தைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்ததோடு அவளை நாம் விட்டுவிட்டோம். அவள் கையில் விளக்கு இருந்த நேரத்தைவிடக் கரண்டி இருந்த நேரம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1854 நவம்பரில் 38 பெண்களோடு அவள் துருக்கியிலுள்ள ஸ்குடாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே பெரிய கொப்பரைகளில் இறைச்சியை வேகவைத்துத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். ஒருவனுக்குச் சதை கிடைக்கும், அடுத்தவனுக்கு எலும்பு. எழுந்து உட்காரவே முடியாதவன் அதை என்ன செய்வான்? அவள் தனியாகச் சமையலறைகள் ஏற்படுத்தி, பலவீனர்களுக்கு ஏற்ற ஆகாரம் தயாரித்தாள். மறு வருஷம் லண்டனிலிருந்து அலெக்சிஸ் சாயர் என்ற பிரபல சமையல்காரர் வந்து கை கொடுத்தார். ஊருக்குத் திரும்பியபின் அவளே ஓயாத நோயாளி. அந்த நிலையில், 1859-இல், நோயாளிகளைப் பேணுவது பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினாள். அதில் இரண்டு அத்தியாயங்கள் ஆகாரத்தைப் பற்றியவை.

நான் அவற்றைப் படித்தபோது யாரோ எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது. வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான நோயாளிகள் எல்லாம் நிறைந்த வீட்டிலேயே பட்டினி கிடக்கிறார்கள். கொடுக்கும் முறை தெரியாததுதான் காரணம் என்கிறாள். மூன்று மணிக்கு ஒரு முறை ஒரு கிண்ணம் வயிறு ஏற்கவில்லையா? மணிக்கு ஒரு பெரிய கரண்டி கொடுத்துப் பார். அதுவும் ஆகவில்லையா? கால் மணிக்கு ஒரு தேக்கரண்டி. நேரம் தவறாதே, பலவீனனுக்குப் பத்து நிமிஷத் தாமதம் இரண்டு மூன்று மணி நேரப் பட்டினியில் கொண்டுபோய் விடலாம். தொடாத தட்டைப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகாதே. பார்க்கப் பார்க்க அருவருப்புத்தான் மிஞ்சும். இரவெல்லாம் வாய் உலர்ந்து கிடந்தவனிடம் காலையில் கெட்டி ஆகாரத்தை நீட்டாதே.

அந்தக் காலத்து ஆங்கில வீடுகளின் சர்வரோக நிவாரணி மாட்டிறைச்சி ரசம். அதைச் சுண்டக் காய்ச்சிப் பாருங்கள். அரைப் பைண்ட் ரசத்தில் ஒரு தேக்கரண்டி திடப்பொருள் மிஞ்சினாலே அதிகம் என்று அவள் எழுதியிருக்கிறாள். எங்கள் வைத்தியர் காகிதத்தில் போட்ட கணக்கை அவள் அடுப்பிலேயே போட்டுக் காட்டிவிட்டாள். அதற்காக ரசமே கூடாது என்றும் அவள் சொல்லவில்லை. புஸ்தகக் கணக்கு மட்டும் பார்க்காதே, நோயாளியின் வயிறு எதை ஏற்கிறது என்று பார் என்பதுதான் அவள் தீர்ப்பு.

இதற்கப்புறம் வந்தவைதான் நாம் கடையில் வாங்கும் புட்டி மாவுகள். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போன ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் சகோதரர்கள் 1873-இல் தொழில் தொடங்கி, 1883-இல் பாலோடு மால்ட் சேர்ந்த மாவுக்குக் காப்புரிமை பெற்றார்கள். முதலில் குழந்தைகளுக்காக, பிறகு நோயாளிகளுக்கும் முதியோருக்கும். சுவிட்சர்லாந்தில் வாண்டர் குடும்பத்தார் 1904-இல் ஓவோமால்ட்டின் கொண்டுவந்தார்கள், அதுதான் ஓவல்டின். தெளிந்த தண்ணீரைவிட இவை எவ்வளவோ மேல். ஆனால் தண்ணீரில் கரைத்த இரண்டு கரண்டி மாவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடாகாது. புட்டியின் மேல் உள்ள படம் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து நாம் மறுபடியும் ஏமாறக் கூடாது.

சரி, சித்தி விஷயத்துக்கு வருவோம்.

முதலில் அவள் ஏன் சாப்பிடவில்லை என்று பார்த்தோம். வயோதிகத்தில் நாக்கின் ருசியும் மூக்கின் கூர்மையும் மங்குகின்றன. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. நாலு வாயிலேயே வயிறு நிறைந்த உணர்ச்சி வந்துவிடுகிறது. ஆகவே "நெஞ்சு வரைக்கும் இருக்கு" என்று அவள் சொன்னது சாக்கு அல்ல, சத்தியம். இதோடு ஆடும் பல், மலச்சிக்கல், பசியைக் கொல்லும் மாத்திரை, மனத்தின் தனிமை எல்லாம் சேர்ந்துகொள்ளும். வைத்தியர் ஒரு மாத்திரையை மாற்றினார். பல் செட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். பாதிப் பிடிவாதம் அதிலேயே போய்விட்டது!

அப்புறம் கஞ்சி. அதே ஒரு பிடி நொய்யோடு அரைப் பிடி பாசிப்பருப்பை வறுத்துப் போட்டு, முக்கால் தம்ளர் பாலும் சேர்த்துக் குழைய வேகவைத்து, வடிகட்டாமல் ஒரு தேக்கரண்டி நெய் விட்டாள் என் மனைவி. பழைய தம்ளரில் 2 கிராம் புரதம் என்றால் புதிய தம்ளரில் 10 கிராம் வரை வருகிறது. கலோரியும் மூன்று மடங்கு. அதையும் முழுசாக நீட்டுவதில்லை. இரண்டு மணிக்கு ஒரு தரம் அரைத் தம்ளர். நடுவில் கெட்டித் தயிர். முட்டை சாப்பிடுகிற வீடுகளில் வேலை இன்னும் சுலபம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. சர்க்கரை வியாதியோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால் அதையும் உடனே சொல்ல வேண்டும். ஆகாரம் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. படுத்தபடி புகட்டவே கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் நைட்டிங்கேல் அம்மாளோடு மாறுபட்டேன். நோயாளி தனியாகச் சாப்பிட வேண்டும். மற்றவர்களுடைய சாப்பாட்டின் வாசனைகூட வரக் கூடாது என்பது அவள் கட்சி. ஜுரத்தில் கிடக்கிற சிப்பாய்க்கு அது சரியாக இருக்கலாம். ஆயுள் முழுவதும் பந்தியில் நின்றவளுக்குத் தனித் தம்ளரும் மூலை நாற்காலியும் தண்டனை அல்லவா? நாங்கள் அவள் நாற்காலியைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தோம். "குடிங்க, குடிங்க" என்று முகத்தையே பார்ப்பதை நிறுத்தினோம்.

மூன்றாம் நாள் அவள் என் தட்டை எட்டிப் பார்த்து, "அந்த அப்பளத்திலே ஒரு துண்டு உடைச்சுப் போடு" என்றாள். ரத்த அழுத்தம் என்று இரண்டு வருஷமாக அப்பளத்தை நிறுத்தி வைத்திருந்தோம். வைத்தியரைக் கேட்டேன். "36 கிலோவில் இருப்பவர் வாய் திறந்து கேட்கிறார். ஒரு துண்டு கொடுங்கள்" என்றார். அந்தத் துண்டுக்குப் பின்னால் ஒரு பிடி பருப்புச் சாதம் உள்ளே போயிற்று.

மூன்று மாதம் கழித்து யந்திரம் 38 என்று காட்டியது. பெரிய வெற்றி இல்லைதான். ஆனால் இறங்கிக்கொண்டிருந்த முள் ஏறிற்று. சித்தி அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தாள். கடைசி வாரத்தில் வாயைத் திறக்க மறுத்தபோது நாங்கள் வற்புறுத்தவில்லை. உடம்பு தன் கணக்கை முடிக்கிற நேரம் ஒன்று உண்டு. அப்போது உதட்டை நனைத்தால் போதும் என்றார் வைத்தியர். அந்த நேரத்தையும் அதற்கு முந்தைய பட்டினியையும் ஒன்றென்று நினைத்துவிடுவதுதான் நாம் செய்யும் தவறு.

அம்மாவுக்கு அந்த இரண்டு கிலோவை நான் கொடுக்கவில்லை. அன்பு இல்லாமல் அல்ல. அன்பு ஏராளமாக இருந்தது. தம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.