கணிப்பானைத் தெரிந்தவர் யார்?

கல்லூரிக் கல்வியை நாடும் மாணவர் எந்த வரைபடக் கணிப்பானை வாங்குவது? விசைகளை எண்ணி, விலையை ஒப்பிட்டு விடை காண முயல்வோரே பலர். ஆயின், இக்கருவி பெருவழக்குப் பெற்ற அமெரிக்க நாட்டின் வரலாற்றை நோக்கினால், அங்கே தெரிவு செய்தவர் மாணவரும் அல்லர், பெற்றோரும் அல்லர். தேர்வு நடத்துவோரே என்பது புலனாகும்.

முதலில் வந்தது ஜப்பானியரின் பொறி. 1985இல் கேசியோ நிறுவனம் எஃப்.எக்ஸ்.-7000ஜி என்னும் கணிப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைச் சிறு திரையில் வரைந்து காட்டும். திரையின் அகலம் 96 புள்ளி, உயரம் 64 புள்ளி. செய்நிரலுக்குரிய நினைவிடம் வெறும் 422 பைட்டு. முந்திப் பிறந்தும் அமெரிக்க வகுப்பறை அதன் வசமாகவில்லை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ஃபிராங்ளின் டெமானா, பெர்ட் வெய்ட்ஸ் ஆகிய இருவரும் வரைபடம் கொண்டு கணிதம் கற்பிக்கும் முறையில் ஆசிரியர்களைப் பயிற்றிவந்தனர். 1990இல் டி.ஐ.-81ஐ வெளியிட்ட டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அப்பயிற்சிக்குத் துணைநின்றது. ஆசிரியர் கற்ற கருவியே மாணவர் கைக்கும் வந்தது, இதில் வியப்பில்லை.

தேர்வுக்கூடம் எளிதில் இணங்கவில்லை. கல்லூரி நுண்கணிதத்தைப் பள்ளியிலேயே பயின்று எழுதும் ஏ.பி. தேர்வில் 1983, 1984 ஆகிய ஈராண்டும் கணிப்பானுக்கு இசைவு இருந்தது. 1985இல் அது விலக்கப்பெற்றது. 1993இல் அறிவியல் கணிப்பான் கட்டாயமாயிற்று. 1995இல் வரைபடக் கணிப்பானே கட்டாயமாயிற்று. கருவி செய்யவேண்டிய பணிகளும் வரையறுக்கப்பெற்றன: வேண்டிய எல்லைக்குள் வரைபடம் வரைதல், சமன்பாட்டின் மூலங்களைக் காணல், வகையீட்டையும் தொகையீட்டையும் எண்வழி கணித்தல். இவற்றுக்கு மேற்பட்ட திறனுக்குத் தேர்வில் தேவையே இல்லை!

அதே 1995இல் டி.ஐ.-92 வந்தது. எண்ணை மட்டுமன்றி, இயற்கணிதக் கோவைகளையும் குறியீட்டளவிலேயே சுருக்கி, வகையிட்டுத் தரும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஆயினும் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகை அமைந்திருந்தமையால் கூடத்தின் வாயிலிலேயே தடுக்கப்பட்டது. வினாக்களைத் தட்டிப் பதிந்து வெளியே கொண்டுபோகலாம் என்பது அச்சம். 1998இல் ஏறக்குறைய அதே மூளையைத் தட்டச்சுப் பலகையின்றிச் சிறிய உடலில் வைத்து டி.ஐ.-89 ஆக்கினர். எஸ்.ஏ.டி. தேர்வு அதனைப் பல்லாண்டு ஏற்றது, ஏ.சி.டி. தேர்வு ஏற்கவில்லை. ஒரே மாணவர் இரண்டையும் எழுத விரும்பினால் என் செய்வார்? ஆற்றல் குறைந்த, ஆனால் எங்கும் நுழையக்கூடிய டி.ஐ.-83ஐ வாங்கினார். 1996இல் பிறந்த அப்பொறியும் 2004இல் வந்த அதன் வழித்தோன்றலான டி.ஐ.-84 பிளஸும் நெடுங்காலம் நிலைபெற்றமைக்கு இதுவே பெருங்காரணம் எனலாம்.

இதன் சுமை எளிய குடும்பங்களின்மீது விழுந்தது. கைப்பேசிகள் ஆண்டுதோறும் மாற, இக்கணிப்பானோ ஏறத்தாழ நூறு டாலர் விலையிலேயே நின்றது. எஸ்.ஏ.டி. கணினிவழித் தேர்வாக 2023இல் வெளிநாடுகளிலும் 2024இல் அமெரிக்காவிலும் மாறியபோது, டெஸ்மோஸ் என்னும் வரைபடக் கணிப்பான் தேர்வுத் திரையிலேயே இலவசமாக அமைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இது நிகழ்ந்திருக்கலாகாதா என்று ஏழைப் பெற்றோர் கேட்பின் நாம் குறைகூற இயலாது.

கல்லூரிக்குள் நுழைந்தபின் விதி மீண்டும் மாறும். நுண்கணிதத் தேர்வில் எக்கணிப்பானையும் ஒப்பாத கணிதத்துறைகள் அங்கு உண்டு. சிங்கப்பூரிலோ 2006இல் வந்த எச்2 கணிதப் பாடத்திட்டம் வரைபடக் கணிப்பானை வேண்டுகிறது. குறியீட்டு இயற்கணிதம் செய்வதை மட்டும் விலக்குகிறது. ஆதலின் அமெரிக்க உறவினர் அன்போடு அனுப்பிய டி.ஐ.-89 இங்குத் தேர்வுக்கூடத்துக்கு வெளியேதான் காத்திருக்க வேண்டும்.